எல்லைநாடு ஈன்ற சூமன்

ஐரோப்பாவின் மேற்பகுதியில், பிரான்சும் செருமனியும் தம்முள் எல்லை தொடும் இடத்தில், லொரேன் என்னும் நிலப்பகுதி உள்ளது. மண்ணகத்தே இரும்புத்தாது நிறைந்திருப்பது அதன் பேறு. இரு பெருநாடுகளுக்கு இடைப்பட்டுக் கிடப்பது அதன் இடர். 1871 ஆம் ஆண்டில் பிரான்சு போரில் தோற்றது. பிராங்பர்ட்டு உடன்படிக்கையால் அல்சேசும் லொரேனின் ஒரு பகுதியும் செருமனிக்கு உரியவாயின. பின்னர்ச் செருமனி தோற்றது. 1919 ஆம் ஆண்டு வெர்சேல் உடன்படிக்கை அவற்றைப் பிரான்சுக்கு மீட்டளித்தது. 1940 இல் செருமானியப் படை மீண்டும் புகுந்தது. சில ஆண்டுகளில் பின்வாங்கியது. ஒரு முதியவரின் வாழ்நாளுக்குள் ஒரே ஊரின்மீது கொடி நான்கு முறை மாறியது! இவ்வெல்லைநாட்டின் துயரத்தைத் தம் குடிவரலாற்றிலேயே உணர்ந்தவர் இராபர்ட் சூமன்.

சூமன் 1886 ஆம் ஆண்டு சூன் 29 ஆம் நாள் இலக்சம்பர்க்கு நகரை அடுத்த கிளௌசன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் லொரேனைச் சார்ந்தவர். பிரெஞ்சுக் குடிமகனாய்ப் பிறந்து, தம் ஊரைவிட்டுப் பெயராமலே செருமானியக் குடிமகனாய் மாறியவர். தாயார் இலக்சம்பர்க்கு நாட்டினர். எனவே சூமன் பிறந்த மண் ஒன்று. பெற்ற குடியுரிமை மற்றொன்று. இல்லத்தில் இலக்சம்பர்க்கு மொழி பேசி, பள்ளியில் செருமானியமும் பிரெஞ்சும் பயின்றார். 1900 இல் தந்தையாரையும் 1911 இல் தாயாரையும் இழந்தார். பான், மியூனிச்சு, பெர்லின், இசுட்ராசுபர்க்கு ஆகிய நகரங்களில் சட்டம் கற்று, 1912 இல் மெட்சு நகரில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். அவர் இறுதிவரை மணம் புரிந்துகொள்ளவில்லை. நூல்களைத் தொகுப்பதிலும் வழிபாட்டிலும் உள்ளம் தோய்ந்த எளிய வாழ்வினர்.

1919 இல் லொரேன் மக்கள் அவரைப் பிரெஞ்சு மக்கள் மன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தனர். அங்கே அவருக்கு வாய்த்த முதற்பணி, பிற்காலத்துப் பெரும்பணிக்கு ஒரு பயிற்சியாய் அமைந்தது. மீண்டுவந்த பகுதியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு செருமானியச் சட்டம் நிலவியிருந்தது. தொழிலாளர்க்கு நோய்க்காலக் காப்பீடு முதலிய நலங்களை அச்சட்டம் அளித்தது. அதனை அறவே நீக்கின் மக்கள் வருந்துவர். முழுவதும் விட்டுவைப்பின் நாடு ஒன்றாகாது. இருவகைச் சட்டத்தையும் வரிவரியாய் ஒப்பிட்டு, கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளும் பணியில் சூமன் பெரும்பங்கு கொண்டார். 1924 இல் பிரெஞ்சுச் சட்டங்கள் அங்கே நடைமுறைக்கு வந்தபோது, பழைய நலங்கள் பல காக்கப்பெற்றன. அவற்றுட் சில இன்றும் அப்பகுதியில் வழக்கில் உள்ளன.

இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் அவர் ஏதிலியர் நலம் காக்கும் துணையமைச்சராய் இருந்தார். 1940 சூலையில் பெத்தேன் என்னும் தளபதிக்கு முழு அதிகாரம் வழங்க வாக்களித்தோருள் இவரும் ஒருவர். இச்செயல் போருக்குப் பின் அவர்மேல் பழியாய் நின்றது. 1945 இல்தான் அப்பழியினின்று விடுவிக்கப்பெற்றார். எனினும் பகைவர்க்கு அவர் பணிந்தாரல்லர். 1940 செப்டம்பரில் செருமானியக் காவற்படை அவரை மெட்சு நகரில் சிறைப்படுத்தியது. பின்னர்ச் செருமனியில் நாய்சுடாட்டு என்னும் ஊரில் காவலில் வைக்கப்பட்ட அவர், 1942 ஆகத்தில் தப்பி, துறவியர் மடங்களில் மறைந்து வாழ்ந்தார். போர் முடிந்ததும் நிதியமைச்சராகவும், 1947 இல் தலைமையமைச்சராகவும், 1948 முதல் அயல்நாட்டமைச்சராகவும் பொறுப்பேற்றார்.

அப்போது அவர்முன் நின்ற சிக்கல் எளிதன்று. லொரேனில் இரும்புத்தாது இருந்தது. அதனை உருக்கத்தக்க சிறந்த நிலக்கரியோ செருமனியின் ரூர்ப் பள்ளத்தாக்கில் இருந்தது. ஒன்றின்றி மற்றொன்று பயன்படாது. இவை கூடிப் பிறக்கும் எஃகே பீரங்கியாகவும் போர்க்கப்பலாகவும் உருக்கொண்டது. முதற்போருக்குப் பின், இழப்பீடு பெறும்பொருட்டுப் பிரான்சும் பெல்சியமும் 1923 இல் ரூரைப் படைகொண்டு கைப்பற்றிப் பார்த்தன, விளைந்தது பகையே. 1949 இல் ரூரின் நிலக்கரியைப் பங்கிட்டு மேற்பார்க்கும் ஓர் ஆணையம் ஏற்பட்டது. ஆயினும் அது தோற்ற நாட்டின்மேல் மட்டும் சுமத்தப்பட்ட நுகம் ஆதலால் செருமானியர் மனம் அதனை ஏற்கவில்லை. செருமனியோ மீண்டும் தொழில்வளம் பெற்று எழுந்துகொண்டிருந்தது. அதனைத் தளையிட்டு வைப்பதா, தடையின்றி வளரவிடுவதா? பிரான்சுக்கு இரண்டும் அச்சம் தருவனவே.

இந்நிலையில், பிரான்சின் தொழில்வளத் திட்டத்துக்குத் தலைவராய் இருந்த சான் மொனே என்பவர் மூன்றாம் வழி ஒன்றை வகுத்தார். இருநாட்டு நிலக்கரியையும் எஃகையும் இருவர்க்கும் பொதுவான ஓர் ஆணையத்தின்கீழ் வைப்பதும், விரும்பும் பிறநாடுகளையும் அதில் சேர்த்துக்கொள்வதுமே அவ்வழி. சூமன் அத்திட்ட ஏட்டைத் தம் சிற்றூர் இல்லத்துக்கு எடுத்துச் சென்று, தனித்திருந்து ஆராய்ந்து, பாரிசுக்குத் திரும்பியதும் ஏற்றுக்கொண்டார். கருத்து மொனேயினுடையது, நாடாளுமன்றத்தின் சினத்தையும் மக்களின் ஐயத்தையும் தம் தலைமேல் தாங்க முன்வந்த துணிவு சூமனுடையது. 1950 மே 9 ஆம் நாள் காலையில் அவர்தம் தூதர் பான் நகரில் செருமானியத் தலைமையமைச்சர் அடினாவரிடம் மடல் சேர்த்தார். பாரிசில் அமைச்சரவை கூடியிருந்தபோதே அடினாவரின் இசைவு வந்தெய்தியது. அன்று மாலை செய்தியாளர் முன்னிலையில் சூமன் திட்டத்தை வெளியிட்டார். அவர் நாவன்மை மிக்கவர் அல்லர். தாழ்ந்த குரலில் ஏட்டைப் படித்தார். போர் முடிந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன.

1951 ஏப்பிரல் 18 ஆம் நாள் பாரிசில் ஆறு நாடுகள் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அவை பிரான்சு, மேற்குச் செருமனி, இத்தாலி, பெல்சியம், நெதர்லாந்து, இலக்சம்பர்க்கு என்பன. பிரித்தானியா சேரவில்லை. முந்தைய உடன்படிக்கைகளுக்கும் இதற்கும் வேறுபாடு யாதெனின், அவை நிலத்தை ஒருவரிடமிருந்து பறித்து மற்றொருவர்க்கு அளித்தன. இதுவோ ஒருவர் நிலத்தையும் தொடவில்லை. ஆறு நாடுகளும் தம் அதிகாரத்தில் ஒரு கூற்றைத் தாமே பொதுவில் வைத்தன. உயர் ஆணையத்தின் உறுப்பினர் ஒன்பதின்மரும் தத்தம் அரசின் ஆணைக்குக் கட்டுப்படாதவர். அவர்தம் முடிவோ அரசுகளைக் கட்டுப்படுத்தும். செலவுக்கு அரசுகளிடம் கையேந்தாமல், நிலக்கரி, எஃகு ஆகியவற்றின் உற்பத்திமேல் ஆணையமே தீர்வை பெற்றது. அமைச்சர் குழுவும் பொது மன்றமும் அதனைக் கண்காணித்தன. பிணக்கு நேர்ந்தால் தீர்க்க ஒரு நீதிமன்றமும் அமைந்தது. போர்க்களத்தில் முடிந்த வழக்கு நீதிமன்றத்தில் முடியலாயிற்று எனலாம். 1953 இல் நிலக்கரிக்கும் எஃகுக்கும் பொதுச்சந்தை திறந்தது. ஆறு நாடுகளுக்குள் அவற்றின்மேல் சுங்கவரி ஒழிந்தது. வேலை இழந்த சுரங்கத் தொழிலாளர்க்கு மறுபயிற்சியும், குடியிருப்புக்குக் கடனுதவியும் கிடைத்தன.

எல்லாம் இவ்வாறே எளிதில் முடிந்துவிடவில்லை. அதே ஆறு நாடுகளும் பொதுப்படை ஒன்று அமைக்க 1952 இல் வேறோர் உடன்படிக்கை செய்தன. 1954 ஆகத்து 30 இல் பிரெஞ்சு மக்கள் மன்றமே அதனைத் தள்ளியது. கரியைப் பொதுவில் வைக்க இசைந்த மக்கள் வாளைப் பொதுவில் வைக்க அஞ்சினர். அதற்கு முன்பே, 1953 தொடக்கத்தில், சூமன் அயல்நாட்டமைச்சர் பதவியை நீங்கியிருந்தார். ஆயினும் வணிகவழியில் இணைப்புத் தொடர்ந்தது. 1957 இல் உரோம் நகரில் எழுதப்பெற்ற உடன்படிக்கை, பொதுச்சந்தையை எல்லாப் பொருள்களுக்கும் விரித்தது. 1958 இல் கூடிய ஐரோப்பிய மன்றத்துக்குச் சூமனே முதல் தலைவரானார்.

1963 செப்டம்பர் 4 ஆம் நாள் மெட்சு நகருக்கு அண்மையிலுள்ள சீ-சாசெல் என்னும் சிற்றூரில் அவர் மறைந்தார். அவர் வாழ்ந்த இல்லத்துக்கு எதிரேயுள்ள பழந்திருக்கோயிலில் அவருடல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. ஐம்பதாண்டு எல்லையிட்டுச் செய்த நிலக்கரி எஃகு உடன்படிக்கை 2002 சூலையில் காலம் முடிந்து அவிந்தது. அதற்குள் அது வளர்த்த மன்றமும் நீதிமன்றமும் 1993 இல் தோன்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்புகளாய் நிலைபெற்றுவிட்டன. 1973 இல் சேர்ந்த பிரித்தானியா 2020 இல் பிரிந்து சென்றது. இருபத்தேழு நாடுகள் ஒன்றியத்தில் எஞ்சின. லொரேனுக்கும் செருமனிக்கும் இடையிலிருந்த சுங்கச்சாவடிகளில் வண்டிகள் நிற்பதில்லை.