பாதியில் படிப்பை விட்ட பெண்களுக்கு 2 வருஷத்தில் மெட்ரிக்! அடையாறு போகும் சாலைக்குப் பெயர் தந்த துர்காபாய் தேஷ்முக் யார்?

மந்தைவெளியில் இருந்து பஸ் பிடித்து அடையாறு திரு.வி.க. பாலத்துக்குப் போகிறவர்கள் தினமும் கடக்கிற சாலை அது. ஒரு காலத்தில் சத்யா ஸ்டுடியோ இருந்த இடம், இப்போது எம்.ஜி.ஆர். ஜானகி கல்லூரி இருக்கும் இடம் என்று சொன்னால் டக்கென்று புரியும். அந்தச் சாலையின் பெயர் டாக்டர் துர்காபாய் தேஷ்முக் சாலை. பெயரைப் பார்த்து யாரோ மராட்டியத் தலைவர் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். ஆனால் அவர் தெலுங்குக்காரர். ஜெயிலுக்குப் போனது, வக்கீல் ஆனது, பெண்களுக்காக ஒரு பெரிய அமைப்பைக் கட்டி எழுப்பியது எல்லாமே அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில்தான்.

இன்றைக்கு சமுதாயக் கல்லூரி என்று ஒன்று இருக்கிறதே, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களையும் சேர்த்துக்கொண்டு, பாதி நேரம் வகுப்பு, பாதி நேரம் கைத்தொழில் என்று சொல்லித்தருவார்களே, அது 1990-களில்தான் நம் ஊருக்கு வந்தது. ஏறக்குறைய அதே வேலையை அதற்கு 60 வருஷம் முன்பே, மயிலாப்பூரில் ஒரு வீட்டில் நாலு பெண்களை உட்கார வைத்து ஆரம்பித்தவர் துர்காபாய்.

எட்டு வயசில் கல்யாணம்

1909 ஜூலை 15-ல் ராஜமுந்திரியில் பிறந்தார். எட்டு வயசில் உறவுக்காரர் ஒருவருக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். விவரம் தெரியும் வயது வந்ததும், அந்தக் கணவரோடு வாழ முடியாது என்று சொல்லி, வேறு கல்யாணம் செய்துகொள்ளும்படி அவரிடமே கேட்டுக்கொண்டார். 1920-களில், அதுவும் ஒரு சிறு பெண் இதைச் சொல்லியிருக்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள். வீட்டில் அப்பாவும் சகோதரரும் அவர் பக்கம் நின்றார்கள்.

படிப்பும் சீக்கிரமே நின்றது. ஆங்கிலத்தில்தான் பாடம் என்றதும், அதை எதிர்த்துப் பள்ளியை விட்டே வெளியே வந்துவிட்டார். இந்தி கற்றுக்கொண்டு, தன்னைப் போன்ற பெண்களுக்காக ஓர் இந்திப் பாடசாலை நடத்தினார். டீச்சருக்கே வயசு பன்னிரண்டு, பதிமூன்றுதான்!

(இந்தி என்றதும் நம்ம ஊரில் புருவம் உயரும். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் மொழி விவாதம் வந்தபோது, மாகாணங்களில் இந்தியைத் திணிக்க நடந்த தீவிரப் பிரசாரத்தைக் கண்டித்துப் பேசியவரும் இதே துர்காபாய்தான்.)

1921-ல் காந்தி காக்கிநாடா வந்தபோது, தேவதாசிப் பெண்களும் பர்தா அணியும் முஸ்லிம் பெண்களும் அவரைத் தனியாகச் சந்திக்க ஏற்பாடு செய்தார். உள்ளூர் காங்கிரஸ்காரர்கள் 5,000 ரூபாய் நிதி திரட்டித் தந்தால்தான் நேரம் ஒதுக்குவோம் என்றார்கள். திரட்டியே கொடுத்தார். 1923 காக்கிநாடா மாநாட்டில், டிக்கெட் இல்லாமல் வந்த நேருவைக் கதர்க் கண்காட்சி வாசலிலேயே நிறுத்திய கதை வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும். அது நடந்ததுதான். ஆனால் அவர் வாழ்க்கையில் அது சின்ன விஷயம்.

வேலூர் ஜெயிலில் பார்த்தது

1930-ல் மெட்ராஸில் உப்பு சத்தியாகிரகத்தில் முன்னணியில் நின்று கைதானார். அடுத்த மூன்று வருஷங்களில் மறுபடி மறுபடி சிறை. வேலூர் ஜெயிலில் அவரோடு இருந்தவர்களில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பெண்களும் உண்டு. தங்கள் மேல் என்ன வழக்கு, எந்தத் தாளில் கைநாட்டு வைத்தோம் என்பதுகூடத் தெரியாதவர்கள் அவர்களில் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாததுதான் பலரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. மதுரை ஜெயிலில் தனிமைச் சிறை, உடம்பும் கெட்டுப்போனது.

வெளியே வந்ததும் எடுத்த முடிவு, சட்டம் படிக்கணும். ஆனால் கையில் மெட்ரிக்கூட இல்லை! இருபது வயதைத் தாண்டிய பிறகு, பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தின் மெட்ரிக் தேர்வைத் தனியாகப் படித்து எழுதினார். பிறகு இன்டர்மீடியட். அதற்குப் பிறகு ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கப் போனால், பெண்களுக்கு ஹாஸ்டல் இல்லை, எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று துணைவேந்தர் சி.ஆர்.ரெட்டி தயங்கினார். துர்காபாய் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார். ஹாஸ்டல் இல்லாததால் படிக்க முடியாமல் இருந்த வேறு பெண்களும் தேடி வந்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு விடுதியை அமைத்துக்கொண்டார்கள். 1942-ல் சட்டப் பட்டம் வாங்கி, மெட்ராஸில் வக்கீலாகத் தொழில் செய்தார்.

மயிலாப்பூர் டியூஷன்

இதற்கு நடுவில்தான் அந்த டியூஷன். தான் எழுதித் தேறிய அதே பனாரஸ் மெட்ரிக் தேர்வுக்கு, மயிலாப்பூரில் அக்கம்பக்கத்துப் பெண்களைத் தயார்செய்ய ஆரம்பித்தார். பிருந்தாவனத்துச் சிறுமிகள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்துச் சின்னதாகத் தொடங்கிய சங்கம், 1937-ல் ஆந்திர மகிளா சபா ஆனது.

அந்தக் கால நிலைமை தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். நாலாவது, அஞ்சாவதோடு பெண்ணை நிறுத்திவிடுவார்கள். சீக்கிரமே கல்யாணம். கணவர் இறந்துவிட்டாலோ கைவிட்டுவிட்டாலோ பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து அடுப்படியோடு சரி. அவர்களை மறுபடி ஒன்றாம் ஃபாரத்தில் பத்து வயசுக் குழந்தைகளோடு உட்கார வைக்க முடியுமா? உட்கார்ந்தாலும் ஆறேழு வருஷம் யார் சோறு போடுவது? அப்படிப்பட்டவர்களுக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, சீக்கிரம் கிடைக்கிற சான்றிதழ். இன்னொன்று, சம்பளம் தருகிற ஒரு கைத்தொழில். இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே தர வேண்டும் என்பதுதான் துர்காபாயின் கணக்கு. சபா வளர்ந்து அடையாறு ஆற்றங்கரைப் பக்கம் வந்தபோது, பாட வகுப்போடு தையல், நெசவு, கைவினை, நர்சிங், ஆசிரியர் பயிற்சி என்று விரிந்தது. மருத்துவமனையும் வந்தது. நர்சிங் படிக்கிற பெண்ணுக்குப் பாடமும் அங்கேயே, வார்டும் அங்கேயே.

அடையாறுக்கு இதில் ஒரு ராசி உண்டு போல. முத்துலட்சுமி ரெட்டியின் அவ்வை இல்லமும் இதே பகுதியில்தான் பெண்களுக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தது.

டெல்லிக்குப் போன திட்டம்

1946-ல் மெட்ராஸ் மாகாணத்தில் இருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போனார். அங்கே இருந்த 15 பெண்களில் ஒருவர். தலைவர் இல்லாதபோது சபையை நடத்தும் குழுவில் இடம்பெற்ற ஒரே பெண்ணும் அவர்தான். இன்றைக்கு ராஜ்யசபா எம்.பி. ஆக 30 வயது போதும் என்று இருக்கிறதே, 35 என்று இருந்த வரைவை மாற்றத் திருத்தம் கொண்டுவந்தது அவர். ஆனால் 1952 முதல் பொதுத்தேர்தலில் தோற்றுப்போனார். அதன் பிறகு நேரு அவரைத் திட்டக் கமிஷனுக்கு அழைத்தார். ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னராக இருந்து, அப்போது நிதியமைச்சர் பொறுப்பில் இருந்த சி.டி.தேஷ்முக்கை 1953 ஜனவரியில் மறுமணம் செய்துகொண்டார். கல்யாணத்துக்கு சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் நேரு. பெயரில் தேஷ்முக் வந்தது இப்படித்தான்.

அதே 1953-ல் மத்திய சமூக நல வாரியம் உருவானது. முதல் தலைவர் துர்காபாய். கிராமங்களில் தாய்சேய் நலம், பால்வாடி, கைத்தொழில் என்று திட்டம் போட்டாயிற்று. போய் வேலை பார்க்க கிராம சேவிகா வேண்டும், நர்ஸ் வேண்டும், டீச்சர் வேண்டும். நகரத்தில் படித்த பெண்கள் கிராமத்துக்கு வரத் தயங்கினார்கள். கிராமத்தில் இருந்த பெண்களுக்கோ பயிற்சியில் சேரத் தேவையான படிப்பு இல்லை. வாரியம் முட்டிக்கொண்டு நின்றது இங்கேதான்.

விடை அவர் கையிலேயே இருந்தது. மயிலாப்பூர் டியூஷனை நாடு முழுக்க விரித்தால் போதும். 1958-ல் வயது வந்த பெண்களுக்கான சுருக்கக் கல்வித் திட்டம் ஆரம்பமானது. கொஞ்சம் படித்து நிறுத்தியவர்களை, பல வருஷப் பாடத்தைச் சுருக்கி 2 வருஷத்தில் மிடில் ஸ்கூல் அல்லது மெட்ரிக் தேர்வுக்குத் தயார்செய்வது. தேர்வில் ஃபெயில் ஆனவர்களுக்கு 1 வருஷம். நடத்துவது தொண்டு நிறுவனங்கள், பணம் வாரியத்துடையது. தங்கிப் படிக்கவும் ஏற்பாடு உண்டு. அந்த ஹாஸ்டல்தான் இதில் பாதி விஷயம். வீட்டில் இருந்தால் தண்ணீர் பிடிக்கணும், சமைக்கணும், யாராவது படிக்க விடுவார்களா?

பாஸ் ஆனவர்கள் நேரே நர்சிங்குக்கோ, ஆசிரியர் பயிற்சிக்கோ, கிராம சேவிகா பயிற்சிக்கோ போகலாம். 1975-ல் வாரியம் தொழிற்பயிற்சித் திட்டத்தையும் தனியாகச் சேர்த்தது. அந்த வருஷம்தான் துர்காபாய்க்கும் அவருடைய கணவருக்கும் ஒன்றாக பத்ம விபூஷண் கிடைத்தது.

சுருக்கக் கல்வி வந்த அதே 1958-ல், பெண் கல்வி பற்றிய தேசியக் குழுவுக்கும் துர்காபாய்தான் தலைமை. அடுத்த வருஷம் பெண் கல்விக்கென்றே அமைந்த தேசியக் கவுன்சிலின் முதல் தலைவரும் அவரே. சீனா போய் அங்கே குடும்ப நீதிமன்றம் நடப்பதைப் பார்த்துவிட்டு வந்து, நமக்கும் அது வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். சட்டம் வந்தது 1984-ல். அதைப் பார்க்க அவர் இல்லை. 1981 மே 9-ல் இறந்துவிட்டார்.

இப்போ என்ன நிலைமை?

டெல்லி மெட்ரோவின் பிங்க் லைனில் அவர் பெயரில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. சென்னையில் சாலையும், அவர் பெயரைத் தாங்கிய மருத்துவமனையும், மகிளா சபாவும் இருக்கின்றன. அவர் தலைமை தாங்கிய மத்திய சமூக நல வாரியம் 2022-ல் மூடப்பட்டுவிட்டது. பத்தாவது முடிக்காத ஒரு பெண் இன்றைக்கும் தனித்தேர்வராக எழுதலாம், திறந்தநிலைப் பள்ளியில் சேரலாம். தேர்வு எழுத வழி இருக்கிறது. வீட்டு வேலையை விட்டு விலகி, 2 வருஷம் தங்கிப் படிக்க இடம் கிடைப்பதுதான் இப்போதும் கஷ்டம்.