கோப்பாய்த் தொகுதியின் வன்னியசிங்கமும் தேர்தல் செலவும்

அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி முதலிய ஊர்களை உள்ளடக்கிய கோப்பாய்த் தொகுதியின் முதலாவது பாராளுமன்ற உறுப்பினராக 1947இல் தெரிவானவர் கு. வன்னியசிங்கம். 1911இல் பிறந்த இவர் சட்டத்தரணி. அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸின் சார்பில் வெற்றியீட்டினார்.

1948இல் கட்சித் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் டீ. எஸ். சேனாநாயக்கவின் அரசில் அமைச்சரானார். அவரைப் பின்தொடர்ந்திருந்தால் அரசின் அனுசரணை வன்னியசிங்கத்துக்கும் கிடைத்திருக்கும். அவரோ, மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டதை எதிர்த்து, செல்வநாயகத்துடனும் டாக்டர் நாகநாதனுடனும் வெளியேறினார். 1949 டிசெம்பர் 18இல் தமிழரசுக் கட்சி உதயமானது.

புதிய கட்சிக்கு 1952 பொதுத்தேர்தல் கடுஞ்சோதனையாயிற்று. ஆளுந்தரப்பிடம் பதவியும் வசதியும் இருந்தன. காங்கேசன்துறையில் செல்வநாயகமே தோற்றார். கட்சிக்குக் கிடைத்தவை கோப்பாய், திருகோணமலை என்னும் இரு ஆசனங்கள் மாத்திரமே. வன்னியசிங்கத்தின் வெற்றியை இந்தப் பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

வேட்பாளரின் செலவுக்கு அன்று சட்டத்தில் எல்லை இருந்தது. 1946ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி ஐயாயிரம் ரூபா, அல்லது வாக்காளர் ஒருவருக்கு 20 சதம்; இவற்றுள் கூடியதே உச்சவரம்பு. அதை எல்லோரும் கடைப்பிடித்தார்கள் என்று எண்ணிவிடலாகாது. எனினும் ஒரு தொகுதியின் ஊர்களை ஒருவர் நேரில் சுற்றிவரக் கூடியதாயிருந்தது. 1981ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தில் இந்த உச்சவரம்பு இடம்பெறவில்லை. 1989 முதல் விருப்பு வாக்கு முறையும் சேர்ந்துகொண்டது. அச்சுவேலி வேட்பாளர் கிளிநொச்சியிலும் நெடுந்தீவிலும் சுவரொட்டி ஒட்டவேண்டியதாயிற்று. அதுவும் சொந்தக் கட்சிக்காரரோடு போட்டியிட்டு! பணமில்லாதவர் அங்கேயே பின்தங்கிவிடுகிறார். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டமே உச்சவரம்பை மீளக் கொணர்ந்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என்று அது நிர்ணயிக்கப்பட்டது. நாடு முழுவதற்கும் அது ஒரு வேட்பாளருக்கு 180 கோடி ரூபாவைத் தாண்டும்.

1956இல் தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்களைப் பெற்றது. கல்முனையில் எம். எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் அக்கட்சியின் முஸ்லிம் உறுப்பினர்களாயினர். பின்னர் அவ்விருவரும் அரசின் பக்கம் சென்றனர். கோப்பாயில் வன்னியசிங்கம் மூன்றாவது தடவையாகவும் வென்றார்.

1959 செப்டெம்பரில், 47 வயதில், உறுப்பினராயிருக்கும்போதே அவர் காலமானார். 1960 மார்ச் தேர்தலில் அத்தொகுதி அவரது கட்சியிடமே இருந்தது.