கடலில் எழுந்து நடந்தவர்

சித்தியவானில் வளர்ந்த எனக்கு லுமுட் கடல் பக்கம்தான். ஆனாலும் நீந்தத் தெரியாது. என் பயத்தைப் போக்கியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்.

1917-இல் இங்கிலாந்தில் பிறந்தவர், 1956-இல் இலங்கையில் குடியேறினார். கூஸ்தோவும் கன்யானும் 1943-இல் உருவாக்கிய கருவி, மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்றைத் தரும். மேலிருந்து குழாய் தேவையில்லை. அத்தகைய கருவியுடன் திருகோணமலைக் கடலில் மூழ்கியவர், 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இடித்த கோணேசுவரர் கோயிலின் தூண்களைக் கண்டார்.

1962-இல் இளம்பிள்ளைவாதம் அவரை முடக்கியது. நடக்கச் சிரமப்பட்ட பிறகும் முக்குளித்தார். நீருக்குள் உடல் எடை தெரியாது அல்லவா? 2008-இல் கொழும்பில் மறைந்தார்.

கால்கள் நலமாக உள்ள நான் கரையிலேயே நிற்கலாமா? நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.