ஆந்திர கேசரி பிரகாசம் பந்துலு

நிலக்கோட்டைத் தாலுகாவினராகிய நமக்கு ஜமீன் என்பது ஏட்டில் மட்டும் உள்ள சொல்லன்று. அம்மையநாயக்கனூர் ஜமீன் இத்தாலுகாவிலேயே இருந்தது. உழுபவன் நிலத்துக்கு உடையவனா, அன்றி ஜமீன்தாரின் தயவில் வாழும் குடியா என்னும் வழக்கைச் சென்னை மாகாணத்தில் தீர விசாரித்தவர் டங்குடூரி பிரகாசம் பந்துலு அவர்கள். ஆதலின் ஆந்திரராகிய அவரது சரித்திரம் நமக்கும் உரியதாம்.

1872ஆம் வருஷம் ஆகஸ்டு 23ஆம் தேதி ஓங்கோல் அருகே வினோதராயுனிபாலெத்தில் பிறந்த அவர், சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் சாப்பாட்டு விடுதி நடத்தி அவரை வளர்த்தனர். சீமை சென்று பாரிஸ்டராகித் திரும்பிச் சென்னை ஹைக்கோர்ட்டில் பெரும்பொருள் ஈட்டினார். பின்னர் அத்தொழிலைத் துறந்து, ஈட்டியதைத் தேசப்பணியிலும் தாம் நிறுவிய சுயராஜ்யா பத்திரிகையிலும் செலவிட்டார். 1928இல் சைமன் கமிஷன் பகிஷ்காரத்தின்போது போலீசாரின் துப்பாக்கி முன் மார்பு காட்டி நின்றமையால் ஆந்திர கேசரி எனப்பட்டார்.

1937இல் ராஜாஜி மந்திரிசபையில் ரெவினியு மந்திரியாகி, ஜமீன் குடிகளின் நிலைமையை ஆராயும் கமிட்டிக்குத் தலைமை வகித்தார். கும்பினியார் 1802இல் அளித்த சன்னதே தமது பாத்தியதைக்கு ஆதாரமென்றும், அதைக் குறைப்பது சொத்தைப் பறிப்பதாகுமென்றும் ஜமீன்தார்கள் வாதித்தனர். பந்துலுவோ வக்கீலுக்குரிய முறையில் அச்சாசனத்தின் மூலத்தையே சோதித்தார். கும்பினியார் வழங்கியது தீர்வை வசூலிக்கும் உரிமையே. மண்ணின் உடைமை முன்னரே குடிகளிடம் இருந்தது. தன்னிடம் இல்லாததை எவரும் பிறருக்குக் கொடுத்தல் இயலாது என்பதே அவர்தம் முடிவின் சாரம். 1938இல் அறிக்கை வெளிவந்தது. ஆயினும் சட்டம் இயற்றப்படுமுன், யுத்தத்தை முன்னிட்டு 1939 அக்டோபரில் மந்திரிசபை விலகிற்று.

1946 ஏப்ரலில் பிரதம மந்திரியானார். மறுவருஷம் மார்ச்சில் அப்பதவி நீங்கிற்று. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் மந்திரிசபை 1948இல் 26ஆம் எண் சட்டத்தை இயற்றி ஜமீன்களை ஒழித்தது. ஜமீன்தார்களுக்கு நஷ்டஈடும் வகுக்கப்பட்டது. பந்துலு விதைத்ததைப் பிறர் அறுத்தனர். அது குறித்து வருந்துவதற்கில்லை. 1957 மே 20ஆம் தேதி அவர் காலமானார்.

நேயர்கள் ஒன்றைக் கருதுதல் வேண்டும். அன்று ஜமீன்தாரை நோக்கிக் குடியானவர் எழுப்பிய வினாவையே, பின்னர் நிலமற்ற பண்ணையாட்கள் குடியானவரை நோக்கி எழுப்பினர். 1961இல் உச்சவரம்புச் சட்டம், ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என வரையறுத்தது. முன்னதை நீதியென்று வரவேற்ற நம்மவர், பின்னதை அநீதியென்று தள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்? உடைமை எங்கிருந்து வந்ததென்று அஞ்சாது வினவியதே அப்பெரியார் நமக்கு வைத்துச் சென்ற செல்வம்.