புத்தகங்கள் வளர்த்த பிள்ளை



டிராயிங் ஷீட், ரெக்கார்ட் நோட்டு, போதாததற்கு அரியர். இதில் கதை, நாவல் எல்லாம் நமக்கெதுக்கு மாப்ளே என்று கேட்பவர்கள் நம் ஹாஸ்டலில் நிறைய உண்டு. அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. நம்மைப் போலவே டிராயிங் போர்டுக்கு முன்னால் தடுமாறிய ஒரு பையனின் கதை இது.

ரஷ்யாவில் வோல்கா நதிக்கரை ஊரான நிஷ்னி நவ்கரோத்தில் 1868-ல் பிறந்தான் அலெக்ஸேய் பெஷ்கோவ். சின்ன வயதிலேயே தந்தையைக் காலரா கொண்டுபோனது. தாய் 1879-ல் காசநோயில் இறந்தாள். சாயப்பட்டறை வைத்து நொடித்துப்போன தாத்தா, இனி உன் பாட்டை நீயே பார்த்துக்கொள் என்று 11 வயதுப் பையனை வெளியே அனுப்பிவிட்டார். பாட்டி சொன்ன கதைகள்தான் அவன் கையில் இருந்த ஒரே சொத்து!

செருப்புக் கடையில் எடுபிடி. பிறகு உறவினரான ஒரு டிராப்ட்ஸ்மேனிடம் வேலை. படம் வரையக் கற்றுத் தருவதாகச் சொல்லித்தான் சேர்த்தார்கள். ஆனால் தரை துடைப்பதும் பாத்திரம் கழுவுவதும்தான் கிடைத்தது. ஒருமுறை கட்டிட முகப்பைக் காப்பி எடுக்கச் சொன்னார்கள். கோடுகள் கோணிப் போயின. பையன் அசரவில்லை. கூரைமேல் பறவைகளையும், கீழே மனிதர்களையும் வரைந்து வைத்தான்! நம் டிராயிங் சார் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அங்கிருந்து ஓடிப்போய் ‘தோப்ரி’ என்ற நீராவிக் கப்பலில் பாத்திரம் கழுவச் சேர்ந்தான். அங்கே தலைமைச் சமையல்காரர் ஸ்மூரி. மலைபோல் உடம்பு, முரட்டுக் குரல். ஆனால் அவரிடம் ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள்! பையனை உட்கார வைத்து உரக்க வாசிக்கச் சொல்வார். கோகோலின் ‘தராஸ் புல்பா’வைக் கேட்டபோது அந்த முரட்டு மனிதர் கண்ணீர் விட்டு அழுதார். ஒரு கதை இப்படியும் செய்யுமா? பையனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

மீண்டும் டிராப்ட்ஸ்மேன் வீடு. அங்கே புத்தகம் என்றாலே ஆகாது. மெழுகுவர்த்தி குறைகிறதா என்று அளந்து பார்ப்பார்கள். வழிந்த மெழுகைச் சுரண்டி எடுத்து, தகர டப்பாவில் திரி போட்டுத் திருட்டுத்தனமாக வாசித்தான். ஒருநாள் வாசிப்பில் மூழ்கியிருந்தபோது சமோவாரில் தண்ணீர் வற்றி, சால்டரிங் விட்டுப் போனது. விறகுச் சிராய்க் கட்டால் அடித்த அடியில் முதுகெல்லாம் சிம்புகள் ஏறின. சிம்புகளை எடுத்த டாக்டர் புகார் கொடுக்கச் சொன்னார். பையன் மறுத்துவிட்டான். அதனால் மகிழ்ந்துபோன அந்த வீட்டாரிடம் அவன் கேட்டு வாங்கிய சலுகை என்ன தெரியுமா? புத்தகம் இரவல் வாங்கி வாசிக்க அனுமதி!

ஒரு விடுமுறை நாளில் கொட்டகைக் கூரைமேல் உட்கார்ந்து ஃபிளாபேர் எழுதிய ‘எளிய இதயம்’ கதையை வாசித்தான். சாதாரண வேலைக்காரி ஒருத்தியின் வாழ்க்கை. அது ஏன் தன் நெஞ்சை இப்படி உலுக்குகிறது என்று புரியாமல், வரிகளுக்கு நடுவே ஏதும் மந்திரம் ஒளிந்திருக்கிறதா என்று தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தானாம்! தன்னைப்போல் எச்சில் தட்டு கழுவுகிறவர்களுக்கும் ஒரு கதை உண்டு, மதிப்பு உண்டு என்பதை அவனுக்குக் காட்டியது இலக்கியம்தான். அடியும் வசவும் மட்டுமே வாழ்க்கையல்ல என்றும் காட்டியது.

1884-ல் பல்கலைக்கழகக் கனவோடு கசான் நகருக்குப் போனான். இடம் கிடைக்கவில்லை, ரொட்டிக் கிடங்கு வேலைதான் கிடைத்தது. மனம் உடைந்து 1887-ல், 19 வயதில், தன்னையே மாய்த்துக்கொள்ள முயன்றான். மருத்துவர்கள் காப்பாற்றினார்கள். ஆம் நண்பர்களே, இதை மறைக்கக்கூடாது. புத்தகம் சகல நோய்க்கும் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. மனசு ரொம்பக் கனக்கும்போது பக்கத்து அறை நண்பனிடம் பேசத்தான் வேண்டும். ஆனால் பிழைத்து எழுந்தவனுக்குள், வாசித்ததெல்லாம் வீணாகாமல் காத்திருந்தது.

ரஷ்யாவின் தென்பகுதியை நடந்தே கடந்து டிபிலிஸ் நகர் சேர்ந்தான். ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. 1892-ல் அந்த ஊர்ப் பத்திரிகையில் அவனுடைய முதல் கதை ‘மகர் சுத்ரா’ வெளிவந்தது. கீழே போட்ட பெயர் மக்சீம் கார்க்கி. கார்க்கி என்றால் கசப்பு!

ஆம்! 1906-ல் ‘தாய்’ நாவலைத் தந்தாரே, நம் தொ.மு.சி. ரகுநாதன் தமிழாக்கினாரே, அதே கார்க்கிதான். உள்நாட்டுப் போரும் பஞ்சமும் வாட்டிய 1919-ல், உலக இலக்கியங்களை ரஷ்ய மொழிக்குக் கொண்டுவரும் பதிப்பகத்தை முன்னின்று நடத்தினார். தான் பெற்ற இன்பம் எல்லாரும் பெற வேண்டும் என்ற தவிப்பு! பட்டம் பெறாத அவர், 1923-ல் வெளிவந்த தன் வாழ்க்கைக் கதையின் மூன்றாம் பாகத்துக்கு ‘என் பல்கலைக்கழகங்கள்’ என்றே பெயர் வைத்தார். 1936-ல் மறைந்தார்.

நண்பர்களே, நமக்கு டியூப் லைட் இருக்கிறது. மெழுகு சுரண்ட வேண்டாம். யாரும் விறகால் அடிக்கப் போவதுமில்லை. டிப்ளமோ நமக்குச் சோறு போடும். நல்ல இலக்கியம் அந்தச் சோற்றைச் சமைத்தவளின் முகத்தைப் பார்க்கச் சொல்லித் தரும். லைப்ரரி கார்டில் தூசி தட்டுங்கள். முதல் புத்தகத்தை இன்றே எடுங்கள்!