ஆகாயக் கப்பல் கண்ட ஜெப்பலின் பிரபு

ஆற்றைக் கடக்க ஓடமும் கடலைக் கடக்க மரக்கலமும் கண்ட மனிதன், தலைக்குமேல் விரிந்து கிடக்கும் ஆகாயத்தைக் கடக்கும் வழியை நெடுங்காலம் தேடினான். பறவையைப் போலச் சிறகின் துணைகொண்டு பறப்பது ஒரு வழி. விமானம் அதன் பயனாய் வந்தது. நீரில் மரக்கட்டை மிதப்பது போலக் காற்றினும் இலேசான வாயுவின் துணையால் காற்றில் மிதந்து செல்வது மற்றொரு வழி; ஆகாயக் கப்பல் அதன் பயனாய் வந்தது. இவ்விரண்டாம் வழிக்குத் தம் பிற்கால வாழ்நாளையும் செல்வத்தையும் ஒருங்கே ஈந்தவர் ஜெர்மன் தேசத்துப் பெர்டினாண்டு ஜெப்பலின் பிரபு ஆவர். அன்னாரது சரித்திரம் விடாமுயற்சிக்குச் சிறந்த சான்று. ஆயினும், ஒரு கருவியை ஆக்குவோரும் அதற்குப் பொருளுதவுவோரும் அக்கருவியின் பயனுக்கு எத்துணைப் பொறுப்புடையர் என்னும் வினாவையும் அஃது எழுப்புகின்றது. இவ்விரண்டையும் மனத்திற்கொண்டே இதனை எழுதப் புகுகின்றோம்.

ஜெப்பலின் 1838-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8-ஆம் தேதி, கான்ஸ்டன்ஸ் நகரை அடுத்து அந்நகரின் பெயர் கொண்ட ஏரியில் உள்ள சிறு தீவொன்றில் பிறந்தார். உயர்குடிப் பிள்ளைகளின் வழக்கப்படி இளமையிலேயே போர்த்தொழில் பயின்று, வூர்ட்டம்பெர்க் அரசரின் சேனையில் அதிகாரியானார். 1863-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் வடநாட்டாருக்கும் தென்னாட்டாருக்கும் நிகழ்ந்த உள்நாட்டுப் போரை நேரிற் கண்டறிய விரும்பி அங்குச் சென்று, ஜனாதிபதி லிங்கனையும் சந்தித்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், மின்னசோட்டா நாட்டுச் செயின்ட் பால் நகரில், ஸ்டைனர் என்னும் ஜெர்மானியர் செலுத்திய பலூனில் முதன்முறையாக வானில் எழுந்தார். நீண்டு மெலிந்த வடிவும் திசைதிருப்பும் சுக்கானும் அமைத்தால் பலூனை விரும்பிய இடத்துக்குச் செலுத்தலாம் என்னும் கருத்து ஸ்டைனருக்கு இருந்தது. அவ்வித்து அன்றே இளைஞரின் நெஞ்சில் விழுந்தது. முளைப்பதற்கோ பல்லாண்டுகள் ஆயின.

1870-இல் பிரெஞ்சு யுத்தம் மூண்டபோது, எல்லை கடந்து உளவறியச் சென்ற குதிரைவீரர் குழுவில் அவரும் ஒருவர். குழு பகைவரிடம் சிக்கிக்கொள்ள, அவர் தப்பி வந்து செய்தி சேர்த்தமையால் பெரும்புகழ் பெற்றார். அப்போரில் முற்றுகையிடப்பட்ட பாரிஸ் நகரத்தார் கடிதங்களையும் ஆட்களையும் பலூன்களில் வெளியே அனுப்பினர். அவை காற்று அடித்த பக்கமெல்லாம் சென்றன. திரும்பி வரும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. 1874-ஆம் ஆண்டில், அஞ்சல் துறைத் தலைவர் ஸ்டெபான் என்பார் தபால் தொண்டையும் ஆகாயப் பிரயாணத்தையும் இணைத்துச் செய்த சொற்பொழிவு ஒன்றை அறிந்து, பெரிய கப்பலின் அளவுடைய ஆகாயக் கலம் ஒன்றின் அமைப்பைத் தம் நாட்குறிப்பில் வரைந்து வைத்தார்.

எனினும் அவர் அப்பொழுதே அதில் இறங்கவில்லை. சேனையிலும், பின்பு பெர்லினில் வூர்ட்டம்பெர்க்கின் தூதராகவும் காலங் கழித்தார். 1890-ஆம் ஆண்டில், படைப்பயிற்சியின்போது அவரது தலைமையை மேலதிகாரிகள் குறைகூறவே, மனம் வருந்திப் பதவியினின்றும் விலகினார். அப்பொழுது அவருக்கு வயது 52. பிறராயின் தோட்டத்தில் உலாவியும் பழம்பெருமை பேசியும் நாளைப் போக்கியிருப்பர். இவரோ, பயிலாத பொறியியலை அவ்வயதில் தொடங்கினார்.

அவர்தம் திட்டத்தின் உட்பொருளைச் சிறிது விளக்குவோம். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் வாயு ஏறத்தாழ ஒரு கிலோகிராமுக்குச் சிறிது மேற்பட்ட எடையையே தூக்கவல்லது. ஆகவே சில டன் சுமையைத் தூக்கப் பல்லாயிரம் கன மீட்டர் வாயு வேண்டும். அத்துணைப் பெரிய துணிப்பையோ காற்றின் எதிரே செல்லுங்கால் மடிந்து குழியும். ஆதலின் இலேசான உலோகத்தால் விலாவெலும்பு போன்ற கூடு ஒன்றமைத்து, அதனுள் வாயுவைத் தனித்தனி அறைகளில் அடைத்தல் வேண்டும். ஓர் அறை கிழியினும் பிற அறைகள் கலத்தைத் தாங்கும். 1895-ஆம் ஆண்டு அவர் காப்புரிமைக்கு அளித்த திட்டம் ஓர் ஆகாயத் தொடர்வண்டியாகவே இருந்தது. முன்னே எஞ்சின் பொருந்திய கலம் இழுக்க, பின்னே பிரயாணிகளையும் சரக்கையும் ஏற்றிய கலங்கள் இரயில் வண்டிகளைப் போலத் தொடரும். கனத்த பாரத்தை வானவழியே கொண்டுசெல்லுதல் என்னும் எண்ணம் தொடக்கத்திலேயே அவருக்கு இருந்தமையை இதனால் அறிகின்றோம். ஆயினும் 1887-ஆம் ஆண்டிலேயே, யுத்தத்துக்கு ஆகாயக் கப்பலின் இன்றியமையாமையைக் குறித்து அவர் தம் அரசருக்கு விண்ணப்பம் எழுதியிருந்தார். இவ்விரு நோக்கங்களும் அவர் உள்ளத்தில் ஒருங்கே உறைந்தன.

அரசாங்கம் அமைத்த அறிஞர் குழு திட்டத்தைத் தள்ளிவிட்டது. ஊரார் அவரைப் பித்தர் என்று நகைத்தனர். 1898-இல் 8 லட்சம் மார்க்கு மூலதனத்தோடு ஒரு சங்கம் நிறுவப்பட்டது. அதில் பாதிக்கு மேற்பட்டது பிரபுவின் சொந்தப் பணம். ஏரியில் மிதக்கும் கொட்டகை ஒன்றில், 128 மீட்டர் நீளமும் 17 வாயு அறைகளும் உடைய முதற்கப்பல் உருவாயிற்று. 1900-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி மாலையில் ஐவரைத் தாங்கி அஃது எழுந்து, ஏறத்தாழ 18 நிமிஷம் வானில் உலாவிப் பின் நீரில் இறங்கியது. பிரபுவுக்கு 62 வயது நிறைய ஆறு நாட்களே இருந்தன. ஆயினும் எஞ்சின்களின் வலிமை போதாமையாற் கலம் காற்றை எதிர்க்க மாட்டாதாயிற்று. மூன்று முறை பறந்தபின் பணம் தீர்ந்தது, சங்கம் கலைந்தது, கப்பல் உடைத்து விற்கப்பட்டது.

தொழிலாளர் பிரிந்தனர், இளம்பொறியாளர் லூட்விக் டூர் என்பார் மட்டும் பிரபுவை விட்டு அகலவில்லை. பிரபு செல்வரிடம் கையேந்தினார். லாட்டரிச் சீட்டினாற் பணம் திரட்டினார். அவர்தம் மனைவியார் இஸபெல்லா அம்மையாரின் குடும்ப நிலங்களும் ஈடுவைக்கப்பட்டன. இவ்வாறு ஆக்கிய இரண்டாங் கப்பல், 1906-ஆம் ஆண்டு ஜனவரியில் எஞ்சின் பழுதுற்று ஒரு வயல்வெளியில் இறங்க, அன்றிரவுப் புயலில் சிதைந்தது. அவ்வேளையில் கப்பலின் குறைகளை ஹூகோ எக்கனர் என்னும் எழுத்தாளர் பத்திரிகையில் தயங்காது எடுத்துரைத்தார். பிரபு சினங்கொள்ளாமல் அவர் இல்லத்துக்குத் தாமே சென்று உரையாடினார். எக்கனர் பின்னாளில் அவர்தம் பணியைத் தொடர்ந்து நடத்துந் தலைவரானார். குறைகூறுவோரை அறிவுடையோர் எவ்வாறு ஏற்றல் வேண்டும் என்பதற்கு இது தக்க உதாரணம்.

அவ்வாண்டு அக்டோபரில் மூன்றாங் கப்பல் பதினொருவரைத் தாங்கி இரண்டு மணிக்கு மேல் பறந்தது. 1908-இல் நான்காங் கப்பல், ஆகஸ்டு 4-ஆம் தேதி, 24 மணி நேரச் சோதனைக்கெனப் புறப்பட்டு, ரைன் நதியை ஒட்டி மைன்ஸ் நகர்வரை சென்றது. திரும்புங்கால் எஞ்சின் பழுதுற்றமையால், மறுநாள் ஸ்டுட்கார்ட்டை அடுத்த எக்டர்டிங்கன் என்னும் சிற்றூரருகே இறங்கியது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் சூழ்ந்து நிற்க, திடீரென எழுந்த சூறைக்காற்று கலத்தைப் பெயர்த்தெறிந்தது. தீப்பற்றிச் சில நிமிஷங்களில் அது சாம்பலாயிற்று. எழுபது வயதுக் கிழவர் வந்து அதன் எலும்புக்கூட்டைக் கண்டபோது, தம் வாழ்வு முடிந்ததென்றே எண்ணியிருத்தல் வேண்டும். ஆனால் நடந்தது வேறு. செல்வரும் ஏழைகளும், பள்ளிச் சிறுவரும்கூட, நாடெங்குமிருந்து தாமாகவே பணம் அனுப்பத் தொடங்கினர். 60 லட்சம் மார்க்குக்கு மேல் சேர்ந்தது. அரசாங்கம் மறுத்ததைக் குடிகள் அளித்தனர். அப்பணத்தைக் கொண்டு தொழிற்சாலையும் ஓர் அறநிதியும் நிறுவப்பட்டன.

சேனையார் போதிய கப்பல்களை வாங்காமையால், தொழிற்சாலை நிர்வாகியான கோல்ஸ்மன் பிரயாணிகளை ஏற்றும் கம்பெனி ஒன்றை 1909-இல் தொடங்குவித்தார். போர்வீரராகிய பிரபுவுக்கு இவ்வியாபாரம் அவ்வளவாக உவக்கவில்லை. எனினும் அதுவே அவர் புகழுக்கு மாசற்ற அணியாயிற்று என்பது எமது கருத்து. 1910 முதல் 1914 வரை 1,500-க்கு மேற்பட்ட பயணங்களில் ஏறத்தாழ 34,000 பேர் அக்கப்பல்களில் ஏறினர். சில கப்பல்கள் அழிந்தும், பிரயாணி ஒருவரும் உயிரிழக்கவில்லை.

1914-இல் உலக யுத்தம் வந்தது. பிரயாணக் கப்பல்கள் சேனைக்குச் சென்றன. 1915-ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஆகாயக் கப்பல்கள் இங்கிலாந்தின் ஊர்கள்மேல் வெடிகுண்டு வீசின. அந்நாட்டில் அவற்றால் மாண்டோர் ஐந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர். பெண்டிரும் குழந்தைகளும் அவர்களுள் உண்டு. பிரபு இதனைத் தடுக்கவில்லை, விரும்பியே ஆதரித்தார். பள்ளிச் சிறுவர் ஈந்த காசில் எழுந்த தொழிற்சாலையே பிறநாட்டுச் சிறுவர்மேல் தீயைப் பொழியுங் கலங்களை ஆக்கிற்று என்று எண்ணுங்கால் எம் நெஞ்சம் நடுங்குகின்றது. ஈந்தோர் யாவரும் இதனை எண்ணி ஈந்தனர் என்று கூறவொண்ணாது. அவ்வாறே, எண்ணாமையால் அவர்க்குப் பங்கே இல்லை என்று கூறவும் எமக்குத் துணிவில்லை.

ஆகாயக் கப்பலினும் விமானமே போருக்கு ஏற்றதென்பதைக் கண்டு, பிரபு தம் இறுதி நாட்களில் பெரிய விமானங்களை ஆக்குவதில் ஈடுபட்டார். 1917-ஆம் ஆண்டு மார்ச்சு 8-ஆம் தேதி, பெர்லினில் நுரையீரல் காய்ச்சலால் உயிர்நீத்தார். அவ்வாண்டு நவம்பரில், பல்கேரியாவிலிருந்து புறப்பட்ட ஆகாயக் கப்பலொன்று ஏறத்தாழ 15 டன் மருந்தும் தளவாடமும் தாங்கிக் கிழக்கு ஆப்பிரிக்காவை நோக்கிச் சென்றது. கார்ட்டூம் நகரின் அருகே திருப்பி அழைக்கப்பட்டு, 95 மணி நேரம் ஓரிடத்தும் இறங்காமல் பறந்து மீண்டது. பாரஞ்சுமக்கும் ஆகாயக் கலம் பகற்கனவன்று என்பது அதனால் விளங்கிற்று. 1929-இல் அவர் பெயர் தாங்கிய கப்பல் எக்கனரின் தலைமையில் உலகைச் சுற்றி வந்தது. ஆனால் 1937-ஆம் ஆண்டு மே 6-ஆம் தேதி, அமெரிக்காவில் ஹிண்டன்பர்க் கப்பல் எரிந்து 36 பேர் இறக்கவே, ஹைட்ரஜன் கப்பல்களின் பிரயாணக் காலம் முடிவுற்றது.

பிரபு கண்ட கனவோ மறையவில்லை. நீண்ட கலத்தைப் பக்கத்துக் காற்று எளிதிற் புரட்டுதலால், எத்திசைக் காற்றுக்கும் ஒரே முகங் காட்டும் தட்டு வடிவக் கலங்களைச் சிலர் எண்ணினர். 1975-இல் இங்கிலாந்தின் கார்டிங்டன் கொட்டகையில் அத்தகைய சிறுகலம் ஒன்று பறக்கவிடப்பட்டது. ஜெர்மனியிலேயே 160 டன் சுமக்கும் கப்பலுக்கென 1996-இல் ஒரு கம்பெனி தோன்றி, 360 மீட்டர் நீளமுள்ள மண்டபம் ஒன்றைக் கட்டி, கப்பலைக் கட்டாமலே 2002-இல் நொடித்தது. சுமையை இறக்கியவுடன் கலம் இலேசாகி மேலே எழ முயலுமாதலால், அதற்கு ஈடாக வேறு பாரம் ஏற்றவேண்டும். இத்தகைய இடர்களை வெல்லுதல் எளிதன்று.

எக்டர்டிங்கனில் பிறந்த அறநிதி 1947-ஆம் ஆண்டு பிரீட்ரிக்ஸ்ஹாபன் நகரத்தாரின் கைக்கு வந்தது. ஆகாயக் கப்பலுக்குப் பற்சக்கரம் செய்ய 1915-இல் நிறுவிய ஆலை, பிற்காலத்தில் உலகெங்கும் ஓடும் பாரவண்டிகளுக்கு உறுப்புகள் செய்வதாயிற்று. அதன் ஊதியத்தில் ஒரு பங்கு அந்நகரின் அறச்செயல்களுக்குச் செல்கின்றது. குடிகள் ஈந்த காசு போரில் அலைந்து, இறுதியில் குடிகளுக்கே திரும்பிற்று.

மாணவ நண்பர்காள்! ஐம்பத்திரண்டு வயதில் கல்வியைத் தொடங்கும் ஊக்கத்தையும், இழிவுரைக்கு அஞ்சாத உறுதியையும், குறைகூறியவரை நண்பராக்கிக்கொண்ட பண்பையும் இப்பெரியாரிடம் கற்போமாக. அவற்றோடு, நாம் ஆக்கும் கருவி யாருடைய சுமையை இறக்கும், யார் தலைமேற் சுமையை ஏற்றும் என்று முன்னரே வினவும் பழக்கத்தையும் அவர்தம் சரித்திரத்தினின்றே கற்றுக்கொள்வோமாக.