பன்சன் பர்னர் தெரியும்... பன்சனைத் தெரியுமா?

ஸ்கூல் லேபில் பன்சன் பர்னரைப் பற்ற வைத்திருப்போம். மண்ணில் என்ன சத்து இருக்கிறது என்பதைத் தீயை வைத்தே கண்டுபிடிக்க வழிகாட்டியவரும் அதே ராபர்ட் பன்சன்தான்!

1811-ல் ஜெர்மனியில் பிறந்தவர். ஆய்வின்போது ஆர்சனிக் சேர்மம் வெடித்ததில் வலது கண் பார்வை போய்விட்டது. அப்படியும் லேபை விடவில்லை.

தீயில் சோடியம் மஞ்சளாகவும், பொட்டாசியம் ஊதாவாகவும் எரியும். சிக்கல் என்னன்னா, துளி சோடியம் கலந்தாலே மற்ற நிறமெல்லாம் மறைந்துவிடும். 1859-ல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் உடன் பணியாற்றிய கிர்க்காஃப் வழி சொன்னார்: ஒளியைப் பட்டகம் வழியாகப் பார்க்கலாம். பார்த்தால், ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனிக் கோடுகள். கைரேகை மாதிரி!

1860-ல் வெளியான இருவரின் ஆய்வு, ரைன் சமவெளியில் விளைந்த பயிர்களின் சாம்பலில் லித்தியம் இருப்பதைக் காட்டியது. அந்தப் பயிரைத் தின்ற கால்நடைகளின் பாலிலும் அதே சிவப்புக் கோடு. மண்ணில் இருப்பது நம் டம்ளர் வரை வருகிறது என்பதற்கு ஒளியே சாட்சி.

1899-ல் பன்சன் மறைந்தார். அவர் வழி இன்னும் இருக்கிறது. மண் பரிசோதனை நிலையங்களில் சாம்பல் சத்தை, அதாவது பொட்டாசியத்தை அளப்பது ஃபிளேம் போட்டோமீட்டர். மண்ணிலிருந்து எடுத்த கரைசலைத் தீயில் தெளித்து, வரும் ஒளியை அளக்கும். பன்சன் பார்த்தது சத்து இருக்கிறதா என்று; இந்தக் கருவி எவ்வளவு என்றும் சொல்லும்.

மண் வள அட்டையில் அந்த எண் இருந்தால்தான், பொட்டாஷ் எவ்வளவு போடணும் என்று விவசாயிக்குத் தெரியும். இல்லாவிட்டால் குத்துமதிப்புதான், காசும் வீண், மண்ணும் வீண்.